கழுத்தில் விட்ட மருந்து

அந்த நான்கு மாடிக் குடியிருப்பில் எந்த வீட்டில் என்ன நடக்கிறது என்று தெரிய வேண்டுமானால் வாளியக்காவைக் கேட்டால் போதும். ஆனால் யாரும் கேட்கமாட்டார்கள். பதினோரு வருஷமாகத் தினமும் காலை ஏழு மணிக்கு ஒவ்வொரு வாசலிலும் குப்பைப் பையை எடுத்து, கீழே கொட்டகையில் கொட்டிப் பிரித்து, அப்புறம் மாடியிலிருந்து தரை வரைக்கும் படிக்கட்டைக் கழுவிவிடுகிறவள் அவள். நீல வாளி கையைவிட்டு இறங்காததால் குடியிருப்புப் பிள்ளைகளில் யாரோ வைத்த பெயர் அது. பெரியவர்களும் அதையே பிடித்துக்கொண்டார்கள். சொந்தப் பெயர் என்ன என்று ஒருத்தரும் கேட்டதில்லை. அதற்காக அவளும் ஏங்கிப் போய்விடவில்லை.

அடுத்தவர் குப்பையைப் பிரிக்கிறவளுக்கு அடுத்தவர் மேல் மரியாதை மிஞ்சுவது கஷ்டம். குரலுக்கு ஆகாது என்று ஐஸ்கிரீமைக் கண்ணாலும் பார்ப்பதில்லை என்று சொல்லிக்கொள்ளும் இரண்டாம் மாடிப் பாட்டு டீச்சரின் பையில், வாரம் இரண்டு ஐஸ்கிரீம் டப்பா வழித்து நக்கிய நிலையில் வரும். மூன்றாம் மாடி வக்கீல் வீட்டிலிருந்து பிரிக்காத கடிதங்கள் வரும், அதில் பாதி அவருடைய அம்மா எழுதியது. முதல் மாடியில் புதிதாகக் கல்யாணமாகி வந்த ஜோடி ஒரு பொருளை வாங்கி ஒரு தடவை பார்த்துவிட்டு எறியும் ரகம். நான்காம் மாடியில் சங்கச் செயலாளர். ஓய்வுபெற்ற இன்ஜினியர். சிக்கனத்தைப் பற்றி மாதம் ஒரு சுற்றறிக்கை விடுவார், அந்த ஒரு அறிக்கையைத் தப்பில்லாமல் அடிக்க இருபது காகிதம் கிழித்துப் போடுவார். வாளியக்கா எல்லாவற்றையும் பார்ப்பாள், உதட்டைச் சுழிப்பாள், மூட்டை கட்டுவாள்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவளுக்கு இந்த வாய்ப்பூட்டு இல்லை. ஒருநாள் படிக்கட்டில் நாலு பேர் நிற்கும்போது, "என்ன டீச்சர், நேத்து வீட்டுல விசேஷமா? ஐஸ்கிரீம் டப்பா நிறைய இருந்துச்சே?" என்று வெள்ளந்தியாகக் கேட்டுவிட்டாள். டீச்சர் முகம் செத்துப்போயிற்று. அன்று சாயங்காலமே செயலாளர் அவளைக் கூப்பிட்டு விரலை ஆட்டினார்.

"குப்பையில என்ன இருக்குன்னு நீ வாயைத் திறக்கக் கூடாது. உன் வேலை எடுக்கறது, கொட்டறது. கேட்டா மட்டும் பேசு. புரிஞ்சுதா?"

"புரிஞ்சுதுங்க சார்."

புரிந்ததோடு நிற்கவில்லை, அதை அப்படியே கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். கேட்டால் பேசுவாள். கேட்காவிட்டால் மேல்மாடித் தண்ணீர்த் தொட்டி வழிந்து ஓடினாலும் பேசமாட்டாள். அது ஒரு பழிவாங்கல் என்று அவளைத் தவிர வேறு யாருக்கும் தெரியாது.

இன்னொன்றும் யாருக்கும் தெரியாது. இங்கே வருவதற்கு முன்னால் ஒன்பது வருஷம் அவள் ஒரு மருந்துக் கம்பெனியில் பெட்டி கட்டும் பிரிவில் இருந்தவள். மருந்துப் பெட்டிக்குள் வைக்கிற சீட்டை எட்டாக மடித்து உள்ளே செருகும் வேலை. மற்ற பெண்கள் மடித்தார்கள், இவள் படித்துவிட்டு மடித்தாள். எத்தனை தடவை, எவ்வளவு, யாருக்கு ஆகாது, எல்லாம் மனப்பாடம். கம்பெனி வேறு ஊருக்குப் போனதும் வேலை போயிற்று, படிக்கும் பழக்கம் மட்டும் தங்கிவிட்டது. இந்தக் குடியிருப்பில் எந்த வீட்டு மருந்துச் சீட்டும் பிரிக்காத மடிப்போடுதான் குப்பைக்கு வரும். அதைப் பிரித்துப் படிக்கிற ஒரே ஆள் தான்தான் என்பதில் அவளுக்கு இருந்த கர்வம் கொஞ்சநஞ்சமல்ல.

பூனை ஒரு மழைநாளில் வந்தது. சாம்பல் நிறம், எலும்பும் தோலும், இடது காது கிழிந்திருந்தது. நேராக உள்ளே வந்து படிக்கட்டுக்கு அடியில் உட்கார்ந்துகொண்டது. மறுநாளே செயலாளர் கூட்டம் போட்டார். சுகாதாரம், பொறுப்பு, முன்னுதாரணம் என்று முக்கால் மணி நேரம் பேசி, 'பொது இடங்களில் தெரு விலங்குகளுக்கு உணவளிப்பது கண்டிப்பாகத் தடை செய்யப்படுகிறது' என்று ஒரு நோட்டீஸ் தயாரித்தார். எல்லா வீட்டாரும் கையெழுத்துப் போட்டார்கள். வக்கீல் 'கண்டிப்பாக' என்ற வார்த்தைக்கு அடியில் கோடு போடச் சொன்னார். நோட்டீஸை வாசலுக்கு எதிரே ஒட்டினார்கள். பூனை அதற்குக் கீழேயே உட்கார்ந்து காலை நக்கிக்கொண்டிருந்தது.

மூன்றாம் நாள் குப்பையில் டீச்சர் வீட்டுப் பையிலிருந்து மீன் டப்பா வந்தது. டீச்சர் மீன் சாப்பிடாதவள். ஐந்தாம் நாள் வக்கீல் வீட்டிலிருந்து பூனைத் தீனிப் பாக்கெட், செய்தித்தாளில் சுற்றி, அதன்மேல் இன்னொரு செய்தித்தாள் சுற்றி. ஒரு வாரத்துக்குள் ஜோடி வீட்டிலும், ஏன், நோட்டீஸ் எழுதிய மகராசன் வீட்டிலும்கூட அதே பாக்கெட். பூனை கெட்டிக்காரப் பூனை. காலையில் நான்காம் மாடி, மத்தியானம் இரண்டு, வக்கீல் வந்ததும் மூன்று, விளக்கு வைக்கும் நேரத்துக்கு முதல் மாடி. ஒவ்வொரு கதவும் ஒரு சாண் திறக்கும், பூனை நுழையும், கதவு மூடும். டீச்சர் அதைச் சுருதி என்று அழைத்தாள். ஜோடிக்கு அது குட்டு. வக்கீல் கட்சிக்காரர் என்றார். செயலாளர் பெயர் வைக்கவில்லை, பெயர் வைத்தால் குற்றம் நிரூபணமாகிவிடும் என்று பயந்தாரோ என்னவோ. ஒவ்வொரு வீடும் கருணையே வடிவானது தான் மட்டும்தான் என்று நம்பியது, மற்ற மூன்று வீடும் கல்நெஞ்சு என்றும் நம்பியது. படிக்கட்டில் ஒருவரையொருவர் பார்த்தால், "அந்தப் பூனைத் தொல்லை இன்னும் தீரலையே" என்று அலுத்துக்கொண்டார்கள்.

வாளியக்காவுக்கு இது பெரிய விருந்து. சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் புருஷனிடம் ஒன்றுவிடாமல் சொல்வாள். அவர் சரக்கு வண்டி ஓட்டுகிறவர், சிரிப்பு வந்தால் அடக்கத் தெரியாத மனுஷர்.

"நாலு பேருக்கும் தெரியாதா?" என்பார்.

"எப்படித் தெரியும்? வாயைத் திறந்தா நோட்டீஸை மீறினது வெளிய வந்துடுமே. கையெழுத்துப் போட்ட கையாலேயே மீன் வெக்கிறாங்க. தூ!"

நல்ல காரியம் செய்யக்கூட ஒளிந்துகொள்கிற ஜென்மங்கள் என்பது அவள் தீர்ப்பு. அவளும் பூனைக்கு எதுவும் வைக்கவில்லை என்றில்லை. கொட்டகைக்குப் பின்னால், தன் சாப்பாட்டில் ஒரு கை தினமும் எடுத்து வைப்பாள். அதற்கு அவள் பெயர் ஏதும் வைக்கவில்லை. "ஏய்" என்றால் வரும்.

பிறகு பூனைக்குத் தெள்ளுப்பூச்சி வந்தது. சொறி சொறி என்று சொறிந்து கழுத்தில் ரத்தம் கட்டிவிட்டது. தெருக்கோடியில் பிராணிகளுக்கான கடை ஒன்றுதான். ஆகவே திங்கட்கிழமை வக்கீல் வீட்டுக் குப்பையில் ஒரு பச்சைப் பெட்டி வந்தது. சின்ன ட்யூப்பில் சொட்டு மருந்து. செவ்வாய்க்கிழமை டீச்சர் வீட்டிலிருந்து அதே பச்சைப் பெட்டி. புதன்கிழமை ஜோடி. வியாழக்கிழமை செயலாளர். சீட்டு நான்கிலும் மடிப்புக் கலையவில்லை.

வாளியக்கா ஒன்றைப் பிரித்து, எழுத்துக்கூட்டாமல் கடகடவென்று படித்தாள். கழுத்தின் பின்புறம், ரோமத்தை விலக்கி, தோலின் மேல் விட வேண்டும். ஒரு ட்யூப். மாதம் ஒரு முறை. படித்ததும் அவளுக்குச் சிரிப்பு வந்தது. இவர்கள் போட்ட லட்சணத்தை அவள் படிக்கட்டில் துடைப்பத்தோடு நின்று பார்த்தவள் ஆயிற்றே! வக்கீல் கையை எட்டின வரைக்கும் நீட்டி, முகத்தைத் திருப்பிக்கொண்டு பீய்ச்சினார், பாதி படிக்கட்டுக் கம்பியில் போயிற்று. ஜோடியில் அந்தப் பெண் பயந்து கத்த, பையன் வால் பக்கம் விட்டான், அதைப் படம் வேறு பிடித்தான். செயலாளர் கையுறை, முகமூடி சகிதம் வந்து முதுகு ரோமத்தின் மேல் நேர்கோடாக ஊற்றினார், பிளான் போடுகிறவர் பாருங்கள். டீச்சர் போட்டதை மட்டும்தான் அவள் பார்க்கவில்லை. பார்க்காவிட்டால் என்ன, தெரியாதா?

அன்று சாயங்காலம் புருஷன் சிரிக்கவில்லை.

"நாலு பேரும் ஒரே பூனைக்கா? மருந்து விஷயம். சொல்லிடேன்."

"கேட்டா சொல்றேன்."

"கேக்கலேன்னா?"

"அவங்க போட்டதெல்லாம் மருந்தே இல்லைங்க. ரோமத்துல வழிஞ்சு தரையில போச்சு. நான்தானே துடைச்சேன்!"

வெள்ளிக்கிழமை சாயங்காலம் பார்த்தபோது பூனை இன்னும் சொறிந்துகொண்டிருந்தது. பிடித்து மடியில் போட்டுப் பார்த்தாள். முதுகெல்லாம் பிசுபிசுப்பு, ரோமம் கற்றை கற்றையாக ஒட்டிக்கிடந்தது. அவளுக்கு எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது. இத்தனை படித்த கூட்டம், ஒரு சொட்டு மருந்தை ஒழுங்காக விடத் துப்பில்லை. ஜோடி எறிந்த பெட்டியில் இரண்டு ட்யூப் இருந்தன, பிரிக்காமலே எறிந்திருந்த ஒன்றைப் புதன்கிழமையே எடுத்து வைத்திருந்தாள். காலாவதித் தேதி பார்த்தாள். சரியாக இருந்தது. மாதம் ஒரு முறை என்ற வரியும் ஞாபகம் வந்தது, வராமல் இல்லை. ரோமத்தில் வழிந்ததையெல்லாம் ஒரு முறை என்று எவன் சொல்வான் என்று அதை ஒதுக்கிவிட்டாள். பூனையின் கழுத்தை இரண்டு விரலால் விலக்கி, வெள்ளையாகத் தோல் தெரிந்ததும், ட்யூப்பின் மூக்கை அதன்மேல் வைத்து, கடைசிச் சொட்டு வரைக்கும் நிதானமாகப் பிதுக்கினாள். ஒரு துளி சிந்தவில்லை. பூனை கண்ணை மூடிக்கொண்டு அவள் கைக்கு வாகாகத் தலையைக் குனிந்து கொடுத்தது.

"இப்படிப் போடணும்டி ஏய்," என்றாள். அன்றிரவு முழுக்க அவளுக்கு மனசு குளிர்ந்திருந்தது.

சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு அவள் வந்தபோது பூனை படிக்கட்டுக்கு அடியில் ஒருக்களித்துக் கிடந்தது. நான்கு காலும் வெட்டி வெட்டி இழுத்தன. வாயிலிருந்து எச்சில் நூலாக வடிந்து தரையில் குட்டையாக நின்றது. கண் திறந்திருந்தது, பார்வை இல்லை. வாளியை அப்படியே போட்டாள். அந்தச் சத்தத்தில் டீச்சர் எட்டிப் பார்த்து, "ஐயோ, சுருதி!" என்று கத்திக்கொண்டு இறங்கினாள். அந்தக் கத்தலில் மற்ற கதவுகள் திறந்தன. "குட்டு! குட்டு!" என்று ஜோடி ஓடிவந்தது. வக்கீல் பனியனோடு வந்து, "கட்சிக்காரருக்கு என்ன ஆச்சு?" என்றார். செயலாளர் கடைசியாக வந்து, கூட்டத்தைப் பார்த்ததும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார்.

ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். அப்புறம் எல்லோரும் சேர்ந்து நோட்டீஸைப் பார்த்தார்கள். பூனை கீழே இழுத்துக்கொண்டு கிடக்க, நான்கு வீட்டு மானம்தான் அப்போது அவர்களுக்குப் பெரிதாக இருந்தது. வாளியக்காவுக்கு அத்தனை பேரையும் அதே வாளியால் ஒரு போடு போடலாம் போல வந்தது.

டீச்சர் மட்டும் மிருக டாக்டருக்கு போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்தாள். டாக்டரம்மாவுக்குச் சுற்றி வளைக்க நேரமில்லை.

"நடுங்குதா? எச்சில் வடியுதா? என்ன குடுத்தீங்க? மருந்து ஏதாவது?"

செயலாளர் தொண்டையைக் கனைத்தார். வக்கீல் மெதுவாக, "யாரும் அவசரப்பட்டு எதையும் ஒத்துக்க வேணாம்," என்றார்.

"ஹலோ! இருக்கீங்களா? அங்க யாருக்காவது தெரியுமா, தெரியாதா?"

கேட்டாகிவிட்டது. வாளியக்கா குனிந்து போனுக்குப் பக்கத்தில் வந்தாள்.

"தெள்ளு மருந்துங்க. கழுத்துல விடற சொட்டு மருந்து."

"எத்தனை ட்யூப்?"

"நாலு. திங்கள், செவ்வாய், புதன், வியாழன். வீட்டுக்கு ஒண்ணு."

நான்கு வீட்டுத் தலைகளும் ஒன்றாகத் திரும்பி அவளைப் பார்த்தன. பதினோரு வருஷம் காத்திருந்த காட்சி அது. அதை ரசிக்க அவளுக்கு ஒரு மூச்சு விடும் நேரம்கூடக் கிடைக்கவில்லை.

"கடைசியா போட்டது வியாழக்கிழமையா?" என்றாள் டாக்டரம்மா. "அப்ப அது இல்ல. அதுன்னா நேத்தே நடுங்கியிருக்கணும். வேற எதையோ தின்னிருக்கு, எலி மருந்து மாதிரி. குளிப்பாட்டிடாதீங்க, தண்ணியே படக் கூடாது. அப்படியே துணியில சுத்திக் கொண்டாங்க, வயித்தைக் கழுவிப் பாக்கறேன்."

டீச்சர் முந்தானையை விரித்து பூனையைத் தூக்கப் போனாள். நான்கு என்று சொன்னதில் பொய் எதுவும் இல்லை, நான்கு வீட்டுக் கணக்குச் சரிதான். அதோடு வாயை மூடிக்கொண்டால் ஒருத்தருக்கும் ஒன்றும் தெரியப் போவதில்லை. பூனை செத்தால் எலி மருந்து என்று போய்விடும். அந்த நான்கு வீட்டு முகங்களும், கேவலப்பட்டு நிற்கிற முகங்களும், கடைசி வரைக்கும் அப்படியே அவளுக்குச் சொந்தமாக இருக்கும். இதையெல்லாம் அவள் நினைத்தாள். நினைக்கவில்லை என்று நான் சொன்னால் நீங்கள் நம்பவேண்டாம்.

"இருங்க," என்றாள். "அஞ்சு ட்யூப். அஞ்சாவது நேத்து சாயங்காலம்."

"யாரு போட்டது?"

"நான்தாங்க."

"எங்க போட்டீங்க? ரோமத்து மேலயா?"

"இல்லைங்க. ரோமத்தை விலக்கி, கழுத்துத் தோல்ல. முழுசும்."

அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு கேட்டது. "ஒழுங்கா போட்டிருக்கீங்க. அதான் வினை. மத்ததெல்லாம் மேலேயே நின்னிருக்கும், கொஞ்சம் கொஞ்சமா இறங்கியிருக்கும். இது மொத்தமா உள்ள போயிருக்கு. சரி, இப்ப உடனே கழுவணும். வெதுவெதுன்னு தண்ணி, பாத்திரம் தேய்க்கிற லிக்விட். கழுத்து, முதுகு, வால் வரைக்கும். நக்க விடாதீங்க. மூணு தடவை கழுவி, துடைச்சு, சூடாப் போர்த்திக் கொண்டாங்க. சீக்கிரம்!"

கழுவுவது யார் என்று யாரும் கேட்கவில்லை. வாளியக்கா வாளியைக் கவிழ்த்து, தேய்த்து, கொட்டகைக் குழாயடியில் உட்கார்ந்தாள். ஜோடி வெந்நீர் கொண்டுவந்தது, டீச்சர் லிக்விட் கொண்டுவந்தாள், செயலாளர் தண்ணீரில் விரலை விட்டு, "சூடு அதிகம்" என்றார், பிறகு "சூடு பத்தாது" என்றார். அவள் காதில் எதுவும் விழவில்லை. நேற்றுத் தானாகக் குனிந்து கொடுத்த கழுத்து இன்று அவள் கையில் துவண்டு துவண்டு விழுந்தது. ரோமத்தை விலக்கினாள். நேற்று விலக்கிய அதே இடம். அழுத்தி அழுத்தித் தேய்த்தாள். அவளுக்கு அழுகை வந்தது. வாய்விட்டே அழுதாள். அவள் அழுது அந்தக் குடியிருப்பில் யாரும் பார்த்ததில்லை.

"செத்துடாதடி ஏய்," என்றாள். "நான் படிச்சுப் பாத்துதான்டி போட்டேன்."

மூன்று தடவை கழுவி, வக்கீலின் நல்ல துண்டில் சுற்றி, அவருடைய காரிலேயே கொண்டுபோனார்கள். டாக்டரம்மா நடுக்கம் நிற்க ஊசி போட்டு, முன்னங்காலில் சலைன் ஏற்றி, சாயங்காலம் வரை பார்த்துத்தான் சொல்ல முடியும் என்றாள். வாளியக்கா ஆஸ்பத்திரி பெஞ்சில் ஈரப் புடவையோடு உட்கார்ந்திருந்தாள். மற்றவர்கள் முறைவைத்து வந்து எட்டிப் பார்த்துவிட்டு, சாப்பிடப் போனார்கள். நாலு மணிக்குப் பூனையின் கால் வெட்டுவது நின்றது. அவள் எழுந்து கூண்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். "பயப்படாதீங்க, நடுக்கம்தான் நின்னிருக்கு," என்றாள் டாக்டரம்மா. "பொழச்சுக்கும்."

திங்கட்கிழமை பழைய நோட்டீஸ் இல்லை. அதே இடத்தில் புதிது ஒட்டியிருந்தது. குடியிருப்பின் பூனைக்கு உணவளிக்கும் நேர அட்டவணை, வீடு வாரியாக. அதற்குக் கீழே இன்னொரு வரி: பூனைக்கு மருந்து போட ஊழியர்களுக்கு அனுமதி இல்லை. எல்லோரும் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். இந்தத் தடவை அந்த வரிக்கு அடிக்கோடு போடச் சொன்னது யார் என்று அவளுக்குத் தெரியாது.

வழக்கம் போல நான்காம் மாடியிலிருந்து ஆரம்பித்தாள். செயலாளர் கதவைத் திறந்து தானே பையை எடுத்துக் கொடுத்தார். வேலையைவிட்டு நிற்கச் சொல்லப் போகிறார் என்று நினைத்தாள். சொன்னால் நாலு வார்த்தை திருப்பிக் கேட்கத் தயாராக வந்திருந்தாள்.

"நாங்க எல்லாரும் பேசிட்டோம்," என்றார் அவர், ரொம்பக் கனிவாக. "உன்னை மன்னிச்சாச்சு. மனசுல வெச்சுக்காதே. நல்லெண்ணத்துலதான் போட்டிருக்கே."

"சரிங்க சார்."

வக்கீலும் மன்னித்தார். மூன்றாம் மாடி வாசலில், பல் துலக்கிக்கொண்டே மன்னித்தார். டீச்சர் அவள் தோளைத் தொட்டாள், பதினோரு வருஷத்தில் முதல் தடவையாக.

"விடு வாளியக்கா. பாவம், உனக்கு என்ன தெரியும்? படிச்சவங்க எங்களுக்கே அந்தச் சீட்டுல என்ன எழுதியிருக்குன்னு தெரியாது. நீ எப்படிப் படிச்சிருப்பே?"

படித்தேன், ஒரு வரி விடாமல் படித்தேன் என்று சொல்ல வாய்வரைக்கும் வந்தது. டீச்சர் கேட்டுவிட்டாள், பதில் சொல்ல உரிமை இருந்தது. ஆனால் படிக்காத நான்கு பேர் விட்ட மருந்து படிக்கட்டில் வழிந்து போயிற்று. படித்தவள் விட்ட மருந்துதான் பூனையைச் சாகடிக்கப் பார்த்தது.

"தெரியலைங்க டீச்சர்," என்றாள். பையை வாங்கிக்கொண்டு முதல் மாடிக்கு இறங்கினாள். அங்கே ஜோடி மன்னிப்பதற்காகக் கதவைத் திறந்துவைத்துக் காத்திருந்தது.